சம்பந்தி, கயிற்றுக் கட்டில் இனி வேண்டாம்

விருத்தாசலம்,
22-7-1973, ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சுப்புராயன் அவர்கள் சமூகத்துக்கு, மாணிக்கவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், என் மகன் தங்கதுரையும், தங்கள் மகள் ஆதிலட்சுமியும், பேத்தி தமிழரசியும் சுகம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக இருக்கவும், வேப்பூர் ரோட்டில் போகிற லாரியெல்லாம் தங்கள் ஓட்டல் வாசலில் நின்று சாப்பிட்டுப் போகவும் மணவாளநல்லூர் சாமி கொளஞ்சியப்பரை வேண்டுகிறேன். அவரிடம் எனக்கு வேறொரு விவகாரமும் இருக்கிறது, பின்னால் வருகிறது.

போன வாரம் போட்ட கார்டில், பெட்டி படுக்கையோடு அங்கேயே வந்துவிடுகிறேன், ஒரு கயிற்றுக் கட்டில் மட்டும் போட்டு வையுங்கள் என்று எழுதியிருந்தேன். காரணம் எழுதவில்லை. கார்டு என்றால் தபால்காரர் முதலில் படித்துவிடுவார். தாங்கள் பதறிப்போய், எங்க பொண்ணு ஏதாவது சொல்லிடுச்சா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சத்தியமாக இல்லை. ஆதிலட்சுமி தங்கமான பெண். நான் வரவில்லை, கட்டிலை எடுத்துச் சுவரோரம் சாத்திவிடலாம். ஆனால் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான், இப்போது நிறுத்தத் தெரியவில்லை.

ஜூன் மாதம் பாப்பாவை இங்கே புதிதாக வந்திருக்கிற இங்கிலீஷ் நர்சரியில் சேர்த்தோம். சேர்த்தவன் தங்கதுரை. கல்யாணப் பத்திரிகையில் ஒரு வடசொல்கூட இருக்கக்கூடாது என்று அச்சகத்தில் சண்டை போட்டானே, மகளுக்குத் தமிழரசி என்று பேர் வைத்தானே, அதே தங்கதுரைதான். சேர்த்த மூன்றாம் நாள் நெய்வேலியிலிருந்து வேலை முடிந்து வந்தவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தான். "அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா காதுல இனிமே இங்கிலீஷ் மட்டுந்தான் வுழணுமாம். வராதவங்க அது எதிருல பேசாம இருந்துடணுமாம். ஸ்கூலு ரூலுப்பா" என்றான். ரூல் என்று சொல்லிவிட்டால் நான் என்ன சொல்வது, முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் பீங்கான் ஆலை ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ரூலிலேயே தலை நரைத்தவன். சரி என்றேன். அதுதான் பாப்பா எதிரில் நான் கடைசியாகப் பேசிய தமிழ்.

எனக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை. ஆனால் அது ஆபீஸ் இங்கிலீஷ், அதில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட முடியாது. ரசம் வேண்டும் என்று கையைக் காட்டினால் மோர் வரும். மோரைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்துவிடுவேன். ஒருநாள் கொல்லையில் காயப்போட்டிருந்த தங்கள் மகளின் புதுச்சேலையை ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பாப்பா. கத்தவும் வழியில்லை, நான் ஓடிப்போய் விரட்டவும் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அடுப்படியைப் பார்த்து, மேற்படி விஷயத்தில் உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது என்று இங்கிலீஷில் சொன்னேன். ஆதிலட்சுமி, மாமா பாப்பாவுக்குப் பாட்டுச் சொல்லித் தராங்க போல என்று நினைத்து உள்ளேயே இருந்துவிட்டது. முந்தானை முழுக்கப் போன பிறகுதான் வந்தது. ஒரு வார்த்தை கோபிக்கவில்லை, அதனால்தான் தங்கம் என்கிறேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். தங்களுக்குத் தெரியும், என் வீட்டுக்காரி போனதிலிருந்து பகலெல்லாம் என்னோடு பேசுகிற ஒரே ஆள் பாப்பாதான். முதல் வாரம் என் மடியில் வந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்தது. அடுத்த வாரம் உதட்டை விரலால் பிரித்துப் பார்த்தது. அப்புறம் வருவதே இல்லை. போன வாரம் எதிர்வீட்டுக் குழந்தையிடம் வாசலில் நின்று, "எங்க தாத்தாவுக்குப் பேச்சு போயிடுச்சி. பாவம், வுட்டுடு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அன்றுதான் தங்களுக்குக் கார்டு போட்டேன்.

கார்டு போட்ட கையோடு மணவாளநல்லூருக்கும் போனேன். இந்தப் பக்கத்து வழக்கம் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, போலீசும் கோர்ட்டும் கேட்காததைக் காகிதத்தில் எழுதி கொளஞ்சியப்பர் கோயிலில் பிராதாகக் கட்டிவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார். பொருள், பார்வை, விவரம் எல்லாம் வரிசையாகப் போட்டு, இந்த வீட்டில் ஒரு கிழவனின் வாயைக் கட்டியவர் யாராக இருந்தாலும் தொண்ணூறு நாளுக்குள் தக்க தண்டனை கொடுக்கவும் என்று எழுதிக் கட்டினேன். பழக்கதோஷத்தால் அடியில் நகல் என்றும் எழுதிவிட்டேன். நகல் என்றால் யாருக்காவது கொடுத்தாக வேண்டுமே, அதனால் ஓய்வு பெற்றோர் சங்கத்தில் கொடுத்தேன்.

சங்கம் ஜங்ஷனில் இரண்டாம் பிளாட்பாரத்து பெஞ்சில் கூடும். தலைவர் மாயவன், காரியதரிசி சாமிக்கண்ணு, இருவரும் ரயில்வேயில் இருந்தவர்கள். இதுவரை நாங்கள் கேட்டதெல்லாம் பென்ஷன் வாங்கும் கருவூலத்தில் நிற்க நிழலும் உட்கார பலகையும்தான். என் நகலைப் படித்ததும் சாமிக்கண்ணுவுக்கு மீசை துடித்தது. சொந்த வீட்டில், தெரிந்த பாஷையில் பேசுவது முதியோரின் பிறப்புரிமை என்று தீர்மானம் போட்டார்கள். குடை பிடித்துக்கொண்டு ஐந்து பேர் புதன்கிழமை நர்சரிக்குப் போனோம். குழந்தைகள் எங்களைப் பார்த்து எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னதில் மாயவன் பாதிக் கோபத்தை அங்கேயே விட்டுவிட்டார்.

தலைமை ஆசிரியை கண்ணம்மாள் என்று ஒரு அம்மாள். அவர்களுக்கே அறுபதுக்கு மேல் இருக்கும். தீர்மானத்தை இரண்டு தடவை படித்தார்கள். பீரோவைத் திறந்து பெற்றோர் உறுதிமொழி என்று ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். அடியில் கையெழுத்து என்னுடையது. சம்பந்தி, சங்கத்தார் நால்வரும் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அதை எப்போது போட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். தங்கதுரை ஒருநாள் காலை பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் நீட்டினான், ஓரத்தில் பென்சிலால் டிக் போட்டிருந்தது. டிக் இருக்கிற இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவது ஆபீசில் எனக்குப் பழகிப்போனது. ஹெட்கிளார்க்காச்சே, அப்பா படித்துத்தான் போட்டிருப்பார் என்று அவன் படிக்கவில்லை. பாப்பாவைப் பெற்றவன், படித்துத்தான் கொண்டுவந்திருப்பான் என்று நான் படிக்கவில்லை. ரூல் என்று அவன் என்னிடம் சொன்னது, பிறகு கேட்டால், நெய்வேலி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதாம்.

அந்த அம்மாள் காகிதத்தை என் பக்கம் திருப்பி, "சாயங்காலம் ஆறுலேர்ந்து ஆறரை வரைக்கும் பாப்பாகிட்ட இங்கிலீஷ் பேசுங்கன்னுதான் போட்டிருக்குதுங்க. மிச்ச நேரமெல்லாம் உங்களுதுங்க. தமிழே கேக்காத புள்ளைக்கு இங்கிலீஷும் ஒட்டாதுங்க" என்றார்கள். நாற்பது நாள். அரைமணி நேரத்துக்கு. எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் வந்தது, அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். பெரியவங்களும் அந்த அரைமணியில் கலந்துகொள்ள ஆசைப்பட்டால் சாயங்கால வகுப்பு வைக்கிறேன் என்றும் சொன்னார்கள். மாயவன் பேர் கொடுத்துவிட்டார். நான் பார்க்கலாம் என்று மரியாதைக்குச் சொல்லிவைத்தேன். சாமிக்கண்ணு, முதியோர் உரிமை முழுமையாக நிலைநாட்டப்பட்டது என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, பாப்பா, இங்கே வாம்மா என்றேன். பொம்மையைக் கீழே போட்டுவிட்டு என்னை அண்ணாந்து பார்த்து, "தாத்தா, பேச்சு வந்துடுச்சா?" என்றது. வந்துடுச்சிம்மா என்றேன். ஓடிவந்து மடியில் ஏறியது. ஆட்டுக்கதை, மோர்க்கதை, ஜங்ஷன் கதை எல்லாம் சொன்னேன், அது பாதியில் தூங்கியும் நான் நிறுத்தவில்லை.

பாக்கி இருக்கிற ஒரே கவலை கொளஞ்சியப்பர். யாராக இருந்தாலும் தண்டிக்கவும் என்று எழுதிக் கட்டியிருக்கிறேன், யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. நாலு நாளாகப் படி இறங்கினாலே கைப்பிடித்து இறங்குகிறேன். நாளை காலை முதல் வேலையாகப் போய் பிராதை வாபஸ் வாங்கிவிடுவேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். ஆதிலட்சுமிக்குச் சேலை ஒன்று எடுக்கும்போது இந்த வீட்டு ஆட்டை நினைவில் வைத்து நல்ல கெட்டியாக எடுக்கவும். தங்கள் குடும்பம் நீடூழி தழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பேச்சு வந்த
மாணிக்கவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கதுரை ஒரு காகிதத்தை நீட்டினான். ஓரத்தில் டிக் இருந்தது, போட்டுக் கொடுத்துவிட்டேன். என்ன காகிதம் என்று கேட்டால், பெரியவங்க வகுப்பாம், நானே ஆசைப்பட்டதாக அந்த அம்மாள் சொல்லி அனுப்பினார்களாம், நீங்க படிச்சிட்டுத்தானே போட்டீங்க என்கிறான். இப்போதுதான் படித்தேன். மூன்று மாதத்துக்கு வகுப்பிலும் வீட்டிலும் இங்கிலீஷ் தவிர வேறெதுவும் பேசமாட்டேன் என்று உறுதி கூறியிருக்கிறேன். பிராது இன்னும் கோயிலிலேயேதான் கட்டியிருக்கிறது. உறுதிமொழியில் தங்கள் வேப்பூரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆகவே கட்டிலைச் சாத்த வேண்டாம், ஞாயிறுதோறும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன், பேசுவதற்கு.