நீக்கப்பட்ட மூன்றாம் கேள்வி

முன்னொரு காலத்திலோ, இனி வரப்போகும் ஒரு காலத்திலோ, மஞ்சுநாடு என்றொரு நாடு இருந்தது. அதற்கு எல்லைகள் உண்டு என்று அரசாணை சொன்னது, கண்டவர் இல்லை. ஏரியிலிருந்து எழும் மூடுபனி, வயலையும் வீதியையும் குன்றின்மேல் இருந்த அரண்மனையையும் ஒரே வெண்மையில் கரைத்துவிடும். மன்னரையும் எவரும் கண்டதில்லை. ஆணைகள் வந்துகொண்டிருந்ததால் அவர் இருக்கிறார் என்று மக்கள் முடிவு செய்திருந்தார்கள்.

ஏரிக்கரையில் ஒரு மணிக்கூண்டு நின்றது. கரைக்கு வருகிறவர்கள் அதன் ஓசையை நெஞ்சில் வாங்கி நடப்பார்கள். அரண்மனைக்குப் போகிறவர்கள் அதை முதுகில் வைத்து நடப்பார்கள். வேறு வழிகாட்டி அந்நாட்டில் இல்லை.

மஞ்சுநாட்டின் பெருமை அதன் நேர்காணல். பிற நாடுகளில் பதவி தருகிறவர் கேள்வி கேட்பார். இங்கே பதவிக்கு வரும் வேட்பாளரே அவையைக் கேட்க வேண்டும். முன்னோர் வகுத்த கேள்விகள் மூன்று. எனக்கு முன் இந்தப் பதவியில் இருந்தவர் எங்கே? நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? நான் இங்கே வந்துவிட்டால் என் பழைய வேலையை யார் பார்ப்பார்? மூன்றுக்கும் மனம் ஒப்பும் விடை கிடைத்த பிறகே பதவியை ஏற்கலாம்.

பின்னர் ஆணைகள் வந்தன. வெளியாரை நம்புவதற்கில்லை என்பதால் எல்லா உயர்பதவிகளும் ஏற்கெனவே பணியில் இருப்போருக்கே என்றது முதல் ஆணை. மக்கள் கைதட்டினார்கள். ஓடக்காரர் சாத்தன் ஓடத்துறை நெறியாளராகக் குன்றேறினார். ஓடம் துறையிலேயே கிடந்து மக்கியது. மறுகரையில் பெண் கொடுத்தவர்கள் பெண்ணை மறக்கப் பழகினார்கள். மருத்துவர் அரிசில் நலவாழ்வுப் பேராயரானார். இருமல் வந்தவர்கள் இருமியபடியே காத்திருந்தார்கள். மதகு காத்தவரும் உயர்ந்தார். கீழ்வயல்கள் மூழ்கின, மூழ்கிய வயல்களைப் பார்வையிடுவதற்கென ஒரு பதவி உருவாக்கப்பட்டது.

முன்னிருந்தவரைப் பற்றிக் கேட்பது சென்றவரை இழிவுபடுத்துவது என்று முதல் கேள்வி நீக்கப்பட்டது. அனைவரும் மன்னருக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க, யாருக்கு என்று வினவுவது ஐயம் என்று இரண்டாவதும் போயிற்று. பழைய வேலையை நினைப்பவர் புதிய வேலையில் பற்றற்றவர் என்று மூன்றாவதும் நீங்கியது. கேட்கும் உரிமை மட்டும் அப்படியே காக்கப்பட்டது. அதற்கென மூன்று புதிய கேள்விகள் வழங்கப்பட்டன.

மணியடிப்பவள் மருதிக்கு அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். ஒலித்துறைத் தலைமைப் பதவி, விடியலில் நேர்காணல். விடியல் என்பது படகுகள் கரை திரும்பும் வேளை. கரைக்குச் சற்று முன்னே நீருக்கடியில் பல்போல் கூரிய பாறைகள் காத்திருக்கும். அவள் கணவன் சேந்தனும் படகுக்காரன்தான்.

"போறியா புள்ள?" என்றான், வலையைத் தோளில் போட்டுக்கொண்டே.

"தோள் ரெண்டும் விட்டுப்போச்சு மச்சான். மேல மெத்தை போட்டிருக்காங்களாம்."

"போ, போ. சாத்தன் மாதிரி எங்கள மறந்துடாத. மணிக்கு?"

"ஆள் போட்டாச்சாம். சாயங்காலமே சாவிய வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அவள் அந்தப் பதவியை விரும்பினாள். அதை மறைப்பது இந்தக் கதைக்கு அழகல்ல.

பனி அடர்வதற்கு முன்பே குன்றேறிய அவளை வாயிலோன் பூதன் முகமலர்ந்து வரவேற்றான்.

"வாம்மா. கேள்வி மூணும் மனப்பாடமா? அவையோர் நலமா, இருக்கைக்கு எத்தனை மெத்தை, நன்றி எப்ப சொல்லலாம். வரிசை மாறிடக் கூடாது."

"மணிக்கு ஆள் வந்தாச்சாண்ணே?"

"அதுக்கெல்லாம் ஏற்பாடு ஆயாச்சும்மா. நீ ஏன் கவலப்படுற?" என்று இடுப்புச் சாவிக்கொத்தைத் தட்டிக்கொண்டான்.

அவைக்கூடம் வெதுவெதுப்பாக இருந்தது. அகிற்புகை தரையிலிருந்து எழுந்து உத்தரத்தில் படுத்துக்கொண்டது. மெத்தைகளின் உயரத்தால் நெறியாளர் சாத்தனாரின் கால்களும் பேராயர் அரிசிலாரின் கால்களும் நிலத்தைத் தொடாமல் மெல்ல ஆடின. இருவரும் விழித்திருக்கிறார்களா என்பது தெளிவில்லை. மருதி அமர்ந்தாள். கயிற்றை இழுத்து இழுத்துக் கனத்துப்போன கைகள், எடையை எங்கோ இறக்கி வைத்துவிட்டதுபோல் மிதந்தன. இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

"அவையோர் நலமா?" என்றாள்.

"நலம் என்பது அரசின் கொள்கை," என்றார் அரிசிலார். "கொள்கையிலிருந்து நாங்கள் வழுவுவதில்லை."

பலகணிக்கு வெளியே வெண்மை தடித்துக்கொண்டிருந்தது. மணியோசை கேட்கவில்லை. இன்னும் வேளை ஆகவில்லை போலும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"இருக்கைக்கு எத்தனை மெத்தை?"

"பணிவுக்கு ஏற்ப," என்றார் சாத்தனார். "மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டால் பதவி உங்களுடையது."

மருதி வாய் திறந்தாள். நன்றி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வேளை கடந்துவிட்டது, பலகணி ஊமையாக இருந்தது.

"நான் இங்க வந்துட்டா என் பழைய வேலைய யாரு பார்ப்பா?"

ஆடிய கால்கள் நின்றன.

"அது நீக்கப்பட்ட கேள்வி," என்றார் அரிசிலார்.

"நீக்கிக்குங்க. இப்ப மணி யாரு அடிக்கிறது?"

"தக்கவர் ஒருவர் முறைப்படி நியமிக்கப்பட்டுள்ளார். வாயிலோன் பூதன்."

"பூதண்ணன் வாசல்ல நிக்கிறாரே!"

"நிற்க வேண்டியவர்தாம். நேற்று மாலை அவர் மணிப்பதவி ஏற்றார். பதவியில் இருக்கும் எவரும் உயர்வுக்கு உரியவர். ஆகவே இன்று காலை அவருக்கும் நேர்காணல். உங்களுக்கு அடுத்தவர் அவரே."

மருதி சாத்தனாரிடம் திரும்பினாள். "அண்ணே, நீங்க ஓடம் தள்ளுனவரு. பாறை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

சாத்தனாரின் கண்கள் ஒரு கணம் முழுதாகத் திறந்தன. உள்ளங்கைகள் காற்றில் ஒரு துடுப்பைப் பற்றி, ஒருமுறை இழுத்தன. பிறகு மெத்தைமேல் இறங்கின.

"உயர்பதவியினர் எதையும் நினைவுகூர்வதற்கு முன்அனுமதி பெற வேண்டும்," என்றார் தாழ்ந்த குரலில்.

வாயிலில் அவள் பூதனின் சாவிக்கொத்தைப் பற்றினாள்.

"ஆணை இல்லாம சாவி குடுக்கக் கூடாதும்மா," என்றான் அவன், உண்மையான வருத்தத்தோடு.

சரிவில் விழுந்து எழுந்து ஓடினாள். காலில் நீர் பட்டபோதுதான் கரை என்று தெரிந்தது. கூண்டு பூட்டியிருந்தது. கரையில் பெண்கள் வெண்மையைப் பார்த்து நின்றார்கள். உள்ளே எங்கோ துடுப்புகள் தடுமாறின. மரம் பாறையில் உரசும் ஓசை கேட்டது.

கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அந்தக் கரையில் இல்லை. மருதியும் சொன்னதில்லை.

"சேந்தா!" என்று கூவினாள். "சேந்தா, இந்தப் பக்கம்!"

பக்கத்தில் நின்றவள் திகைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் தன் கணவன் பெயரைக் கூவினாள். கரை நெடுகப் பெயர்கள் ஒவ்வொன்றாய்க் கிளம்பி, பனிக்குள் விளக்குகள்போல் மிதந்து போயின. ஒவ்வொரு பெயரையும் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படகு வந்தது. சேந்தனின் படகு கடைசியாக, முகப்பு பிளந்து வந்து சேர்ந்தது.

"எவன்டா இந்தச் சேந்தன், இவ்ளோ ஆசையாக் கூப்பிடுறாளேன்னு பார்த்தேன்," என்றான் அவன், குளிரில் பற்கள் தந்தியடிக்க. "அப்புறந்தான் நம்ம பேருன்னு ஞாபகம் வந்துச்சு."

அவள் அவனை அடித்தாள், பிறகு அழுதாள்.

பூதன் தேர்வு பெற்றான். சாவி அவனோடு குன்றிலேயே தங்கிவிட்டதால், அன்றுமுதல் விடியல்தோறும் பெயர்களே மணியாயின.

சில நாள் கழித்து, கடைசிப் படகும் கரையேறிய வேளையில், புதிய பட்டாடையோடு பூதன் பனியிலிருந்து வெளிப்பட்டான். அரச முரசறைவோன் என்ற பதவி. தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தான்:

"கரையின் குரல் அரசின் செவியை எட்டியது. இத்தகைய ஆற்றல் கரையில் வீணாவதை அரசு விரும்பவில்லை. கரைவாழ் மக்கள் அனைவரும் பெருங்குரல் ஆலோசனை அவையின் உறுப்பினராக இன்றே உயர்த்தப்படுகின்றனர். உயர்பதவியினர் கூவுவது மரபன்று. ஆகவே இக்கணம் முதல் அனைவரும் வாய்மூடி இருப்பாராக." ஓலையைச் சுருட்டினான். "ஏதாச்சும் கேள்வி உண்டா?"

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் மருதி. "எப்படிண்ணே திரும்பிப் போவீங்க?"

"வந்த மாதிரிதான். நீங்க கூப்பிடுற சத்தத்தக் கேட்டு வந்தேன். போகும்போது அத முதுகுல வச்சு..."

அவன் நிறுத்தினான். குன்று இருந்த இடத்தில் வெண்மை இருந்தது. ஏரி இருந்த இடத்திலும் அதே வெண்மை. இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்தான்.

"யாராச்சும் ஒரு குரல் குடுங்கம்மா," என்றான்.

கரையினர் அனைவரும் அவனைப் பார்த்தபடி வாய்மூடி நின்றார்கள். மஞ்சுநாட்டில் ஓர் ஆணை முழுமையாக நிறைவேறியது அதுவே முதல் முறை.