மங்குஸ்தான் கோழியும் ஒரு சைவப் பிள்ளையும்

ஆவணி மாதம், திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு நான் ஒரு தீர்மானம் செய்தேன். சொக்கம்மாளிடம் ஒரே ஒரு பொய் சொல்லிவிடுவது.

சொக்கம்மாள் என் மனைவி. பதினாலு வருஷத்தில் நான் அவளிடம் சொன்ன பொய்கள் எல்லாம் வாசல்படி தாண்டுவதற்குள் பிடிபட்டிருக்கின்றன. இது பிடிபடக் கூடாது. பிடிபட்டால் குடும்பம் போச்சு. சொல்லாமல் விட்டாலோ உத்தியோகம் போச்சு.

நான் தில்லைநாயகம் பிள்ளை. காட்டிலாகாவில் கிளார்க். சுத்த சைவம். முட்டை மாதிரி இருக்கிறது என்பதற்காக என் அப்பா கத்தரிக்காயைக்கூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். சொக்கம்மாள் வீட்டில் இன்னும் கடுமை. கோழி கூவினால் காதைப் பொத்திக்கொள்ளும் வம்சம்.

உலகச் சண்டை ஓய்ந்த வருஷம் அது. எங்கள் துரை சாரலுக்காகக் குற்றாலத்தில் முகாம் போட்டிருந்தார். நாங்களும் அங்கேயே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அன்றைக்குச் சென்னையிலிருந்து பெரிய துரை வந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு பழச்சாற்றில் ஆக்குகிற மங்குஸ்தான் கோழி வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் சட்டைப்பையில் என் மாற்றல் உத்தரவு இருந்தது. யானையும் மலேரியாவும் மட்டும் குடியிருக்கிற மலை முகாமுக்கு! "சாப்பாடு நன்றாக அமைந்தால் உன்னைப் பற்றிப் பேசுகிறேன்" என்று எங்கள் துரை சொல்லியிருந்தார்.

சாப்பாடு எப்படி அமையும்? பங்களா பட்லர் ஆதம் இரண்டு கையிலும் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு, துணி சுற்றிய கையோடு என் வாசலில் நின்றார். கடையநல்லூர்க்காரர், பேச்சில் தேன்.

"அண்ணாச்சி, கோழிகளை உரிச்சு வச்சுட்டேன். அப்புறந்தான் இப்படி ஆயிட்டு. நான் வாயால சொல்லுதேன், நீங்க கையால செய்யுங்க."

"நானா? கோழியையா? என்ன வே பேசுதீரு?"

"நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்குவத்தை இங்கிலீசுல எழுதி துரைசாணிக்குக் கொடுத்தது நீங்கதான? ஊருல வேற யாருக்குத் தெரியும்?"

யானையை நினைத்தேன். மலேரியாவை நினைத்தேன். உள்ளே போனேன்.

"ஏளா, ஐந்தருவிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கப் போறேன். வர மத்தியானம் ஆகும்."

சொக்கம்மாள் விபூதிப் பட்டையோடு திரும்பினாள். "பெரிய துரை வந்திருக்கும்போது குளியலா?"

"துரை லீவு கொடுத்திருக்காரு."

"மடியில என்ன, கற்பூரவல்லி இலையா? செடியை மொட்டையடிச்சிருக்கீய?"

"இருமலுக்கு."

"இருமக் காணோமே."

இருமினேன்.

"புதினாவும் இருமலுக்குத்தானா?"

இன்னும் பலமாக இருமினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினேன்.

பங்களாக் குசினியில் மூன்று கோழிகள் தட்டில் மல்லாந்து கிடந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, கூரையை வெட்ட முடியாது. கோழியை வெட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். ஆதம் அலறினார். அது மேஜை. கண்ணைத் திறந்து வெட்டினேன். வெண்ணெய் உருகியது, வெங்காயம் வதங்கியது, மிளகு பொரிந்தது. கோழித் துண்டுகளைப் போட்டதும் சட்டி 'சர்ர்' என்றது. என் நெஞ்சும் அப்படியே சொன்னது.

அடுத்தது மங்குஸ்தான். ஐம்பது பழம். கெட்டித் தோலை நசுக்கி, வெள்ளைச் சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, பிசைந்து சாறாக்க வேண்டும். தோலின் கறை விரலெல்லாம் ஏறியது. வேட்டியிலும் ஏறியது. கொலை செய்தவன் மாதிரி நின்றேன். சாறோடு புதினாவும் கற்பூரவல்லியும் நறுக்கிப் போட்டு, புளிப்புக்குக் கொஞ்சம் காடி, ஒரு துண்டு வெல்லம். குழம்பு கொதித்துக் கெட்டியானது.

மணி பன்னிரண்டு. வராந்தாவில் துரைகளின் பூட்ஸ் சத்தம்.

"உப்புப் பாருங்க, அண்ணாச்சி" என்றார் ஆதம்.

"நீரு பாரும்."

"நான் நோன்பு. பொழுது சாயுத வரைக்கும் நாக்குல தண்ணிகூடப் படக் கூடாது."

"நான் சைவம் வே!"

"அப்ப உப்பில்லாமப் போகட்டும். மலையில யானைகளுக்கு நீங்க ஆக்கிப் போடும்போது பாத்துக்கிடலாம்."

நான் அசையாமல் நின்றேன். அசைந்தால் அசைவம். வராந்தாவில் பெரிய துரை கையைத் தட்டினார். அந்தச் சத்தத்தில் கரண்டி தானாகவே என் வாய்க்கு வந்துவிட்டது. அப்படித்தான் நான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

உப்பு காணாது. போட்டேன். மறுபடி பார்த்தேன். இப்போது சரி. சரிதானா என்று மூன்றாவது தடவையும் பார்த்தேன். நாலாவது தடவை பார்த்தபோது அதில் உப்புக்குச் சம்பந்தமே இல்லை.

இரண்டு கோழிகள் மேஜைக்குப் போயின. பணியாள் பரமசிவன் இரண்டு முறை திரும்பி வந்தான். "இன்னும் கேக்காரு! இன்னும் கேக்காரு!" கடைசியில் வெறும் தட்டோடு வந்து சொன்னான்: "பெரிய துரை பாத்திரத்துல ரொட்டியைப் போட்டுத் துடைக்காரு!"

எனக்கு உயிர் வந்தது. ஆதம் சட்டியில் மிச்சமிருந்த கோழியைக் காட்டினார். "இது உங்க பங்கு. நீங்க ஆக்குனது."

கதவைச் சாத்தினேன். காலை எடுத்தேன், கோழியின் காலை. பழத்தின் புளிப்பும் இலையின் வாசமும் வெண்ணெயும்... முப்பத்தெட்டு வருஷம் கத்தரிக்காயோடு வீணாகப் போயிற்றே என்று எனக்கு அழுகை வந்தது. ஒரு கடி கடித்தேன்.

கதவு திறந்தது.

சொக்கம்மாள்! கையில் எண்ணெய்க் கிண்ணம்.

"எண்ணெயை வீட்டுல வச்சுட்டு எண்ணெய் முழுக்குக்கு வந்தீயளே. ஐந்தருவி வரைக்கும் போய்த் தேடிட்டு, கற்பூரவல்லி வாசத்தைப் பிடிச்சு இங்க வாரேன்."

கோழிக் கால் என் கையில். என் கால் தரையில் இல்லை.

"இது... துரைக்கு... உப்பு..."

"முழுங்கிட்டுப் பேசுங்க."

முழுங்கினேன். ஆதம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. என் கையையும் கறைபட்ட வேட்டியையும் மெதுவாகப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். சட்டியை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"எங்க அப்பாவுக்குக் காயிதம் போடட்டா?"

"ஐயோ, சொக்கு! மாத்தலுக்குப் பயந்து செஞ்சேன்ளா. உன்னைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போக மனசில்லாமச் செஞ்சேன்." அது உண்மை. குரலும் உண்மையாகவே உடைந்தது.

அவள் முகம் ஒரு நிமிஷம் இளகியது. பிறகு இறுகியது.

"அப்ப நேரா அருவிக்குப் போங்க. ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்து நில்லுங்க. ஈர வேட்டியோட குற்றாலநாதர் கோயிலை நூத்தியெட்டுச் சுத்து. சந்நிதியில நின்னு, ஆயுசுக்கும் இனிமே கோழியைத் தொட்டுத் தின்ன மாட்டேன்னு சத்தியம். அப்புறம் வீட்டுக்கு வந்தாப் போதும்."

"சரி."

"காலைக் கீழ வைங்க."

வைத்தேன்.

"போங்க. இந்தச் சட்டியை நான் ஒழிச்சுக்கட்டிட்டு வாரேன்."

பேரருவி அன்றைக்கு இடிந்து விழுந்துகொண்டிருந்தது. தலையில் பாறையைப் போட்ட மாதிரி அடி. ஒரு மணி நேரம் நின்றேன். வெளியே வந்தபோது பற்கள் ஒன்றோடொன்று தந்தியடித்தன. சாரலில் நனைந்துகொண்டே நூற்றியெட்டுச் சுற்று. அறுபதாவதில் எண்ணிக்கை தப்பியது. பயத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். சந்நிதியில் நெஞ்சுருகச் சத்தியம் செய்தேன். எப்பேர்ப்பட்டவள் என் சொக்கம்மாள்! பாவக் குழியில் விழுந்தவனைக் கைதூக்கிவிட்டாளே!

வீட்டுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் ஆதம், நோன்பு திறந்துவிட்டு வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி, மாத்தல் உத்தரவைப் பெரிய துரை கிழிச்சுட்டாரு!"

நான் கைகூப்பினேன். "எல்லாம் குற்றாலநாதன் செயல். ஆதம், மன்னிச்சுக்கிடும். நோன்போட நின்னு சொல்லிக்கொடுத்தீரு. அந்தக் கோழி ஆத்தோட போச்சு."

"ஆத்தோடயா?" ஆதம் விழித்தார். "எந்த ஆத்தோட?"

"சொக்கம்மாள் கொண்டுபோய்க் கொட்டலையா?"

"கொட்டவா! நீங்க அங்கன தெருமுனை திரும்புனதும் குசினிக் கதவைச் சாத்திட்டு உக்காந்தாகளே. சோறுகூட வேண்டாம்னுட்டாக. எலும்பைக் கடிச்ச பக்குவத்தைப் பாத்தா, ஆச்சிக்கு இது முதல் தடவை மாதிரித் தெரியல."

வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தேன். சொக்கம்மாள் நெற்றி நிறைய விபூதியோடு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். என் பக்கமே திரும்பவில்லை.

ஆதம் குரலைத் தாழ்த்தினார். "நேர்ல சொல்ல ஆச்சிக்குக் கூச்சமாம். என்னைச் சொல்லச் சொன்னாக. வார ஞாயித்துக்கிழமை ஈரலையும் சேத்து நீங்களே ஆக்கணுமாம். நீங்கதான் சத்தியம் பண்ணிட்டீயளே, அதனால ஒரு ஆளுக்கு ஆக்குனாப் போதுமாம்."