நொட்டை சித்தப்பா படுத்துப் பார்த்த முதியோர் இல்லம்

கடவுளே நேரில் வந்து வரம் கொடுத்தாலும், "இம்புட்டு நாளா எங்கிட்டுப் போனீரு?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார் எங்கள் நொட்டை சித்தப்பா. கறம்பக்குடியில் அவர் குறை சொல்லாத பொருள் ஒன்று இருந்தால், அதை அவர் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ரத்த உறவெல்லாம் கிடையாது. என் அத்தைக்கு எதிர்வீட்டுக்காரர். அத்தையை அக்கா என்பார், அதனால் எனக்குச் சித்தப்பா. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிறார் என்று ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது. ஒரு காலத்தில் உரக்கடை வைத்திருந்தார். வாங்க வருகிறவரிடம், "இதப் போட்டா நெல்லு வெளையாது, புல்லுதான் வெளையும். கட்டவா?" என்பார். அப்புறம் கடை எங்கே ஓடும்?

கல்யாண வீடுகளில் சமையற்காரர்கள் அவரைக் கண்டால் அண்டாவுக்குப் பின்னால் ஒளிவார்கள். ஒரு முறை பெண்வீட்டார் தந்திரமாக அவரைப் பந்திப் பக்கமே விடாமல், மரியாதை செய்கிற சாக்கில் மணமேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை தாலி கட்டினான். கெட்டிமேளம் நின்றது. அந்த அமைதியில் சித்தப்பாவின் குரல் கணீரென்று கேட்டது: "மாப்ள, முடிச்சு தொளதொளன்னு இருக்கு. அவுத்துட்டு மறுபடி போடு!" மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றைக்குச் சித்தப்பா கொல்லைப்புறமாகத்தான் வீடு வந்து சேர்ந்தார்.

அவருக்கு ஈடுகொடுக்க ஊரில் ஒரே ஆள் என் அத்தை. தாயில்லாத என்னை வளர்த்து ஆளாக்கியவர். நான் சென்னைக்குப் போனபின் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். தினமும் விடிந்ததும் எதிர்வீட்டோடு சண்டை.

"ஒன் வேப்பமரத்துச் சருகு பூராம் என் வாசல்லதான் கெடக்கு. மரம் வளக்கத் தெரியுதுல்ல, கூட்டத் தெரியாதா?"

"நீங்க மோட்டாரப் போட்டுட்டு மறந்துர்றீங்க, தண்ணி தெருவுல ஆறா ஓடுது. என் மரந்தான் கண்ணுக்குத் தெரியுதாக்கும்?"

இது முடிந்த பிறகுதான் தெருவுக்கே காபி இறங்கும்.

போன வருஷம் ஒருநாள் சருகைப் பற்றி அத்தை வாயே திறக்கவில்லை. தொட்டி நிரம்பித் தண்ணீர் மட்டும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. நியாயம் கேட்க இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்று சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே பாத்ரூமில் இடுப்பெலும்பு முறிந்து அத்தை கிடந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றி, வழியெல்லாம் டிரைவரிடம் மெதுவாகப் போனால் ஏன் தாமதம், வேகமாகப் போனால் ஏன் வேகம் என்று சண்டை பிடித்தபடி புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நொட்டை சொல்லப் போன அந்த மனுஷரால்தான் என் அத்தை இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்து அத்தை வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தார். ஆனால் இனிமேல் தனியாக விட முடியாது. சென்னைக்குக் கூப்பிட்டேன். "லிப்டு இல்லாத மூணாவது மாடியில என்னை ஏத்திட்டு, எறக்க நாலு பேரத் தேடுவியா?" என்று கேட்டார். சொந்த ஜில்லாவிலேயே ஒரு நல்ல முதியோர் இல்லமாகப் பார்க்கச் சொன்னார். கூடவே ஒரு உத்தரவு. "நீ மட்டும் போகாத. யாரு என்ன சொன்னாலும் மண்டைய ஆட்டுவ. நொட்டையக் கூட்டிட்டுப் போ."

முதலில் பைபாஸ் பக்கம் ஒரு இல்லம். கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டிய மேனேஜர். பாத்ரூமைக் காட்டி, "இந்த பெல்லை அழுத்தினா உடனே ஆள் வருவாங்க சார்" என்றார். அவர் அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், சித்தப்பா பெல்லை அழுத்திவிட்டு வெள்ளை வேட்டியோடு ஈரத்தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"என்ன சித்தப்பா இது! மானம் போகுது, எந்திரிங்க!"

"சும்மா இருடா. அக்கா விழுந்தா எம்புட்டு நேரம் கெடக்கணும்னு தெரிய வேணாமா?"

கிடந்தார், கிடந்தார், ஒரு ஈ காக்கை வரவில்லை. கடைசியில் தரை துடைக்கிற அம்மா வந்து, "ஐயா, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் படுங்க" என்று சொல்லிவிட்டு அவரைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனார். மேனேஜரிடம் சொன்னபோது, "கண்டிப்பா கவனிக்கிறோம் சார்" என்று அழகாகச் சிரித்தார். வெளியே வந்ததும் சித்தப்பா, "என்ன சொன்னாலும் சிரிக்கிறாய்ங்கடா. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அடுத்தது அரிமளம் போகிற வழியில். தோப்பு, நிழல், அப்படி ஒரு அமைதி. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சித்தப்பா ஒவ்வொரு பெரியவரிடமும் போய், "சாப்பாடு எப்புடிங்க?" என்று விசாரித்தார். எல்லோரும் ஒரே குரலில் "நல்லாருக்கு" என்றார்கள். வண்டியில் வந்து ஏறிக்கொண்டார்.

"வேணாம்டா. நாலு பேரு சாப்புடுற எடத்துல ஒருத்தராச்சும் உப்பில்லன்னு சொல்லணும். ஒருத்தருமே சொல்லலன்னா, சொல்லப் பயப்படுறாகன்னு அர்த்தம்."

எனக்குப் பொறுக்கவில்லை. லீவு முடிந்துகொண்டிருந்தது. "ஒங்களுக்கு எந்த இடந்தான் புடிக்கும்? அத்தைய யாரு பாக்குறது?" என்று கத்திவிட்டேன். ஆச்சரியம், அவர் திருப்பிக் கத்தாமல், "அடுத்தது எங்கடா?" என்று மட்டும் கேட்டார்.

வல்லத்திராக்கோட்டை பக்கம் ஒரு ஓட்டு வீட்டில், ரிட்டயரான நர்ஸ் ஒருவர் நடத்துகிற இல்லத்துக்குக் கடைசியாகப் போனோம். வாசலிலேயே இரண்டு அம்மாக்கள் ஃபேனைக் கூட்டு, குறை என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். "சாப்பாடு எப்புடிங்க?" என்றார் சித்தப்பா. "சாம்பாரா அது? பருப்பு நீச்சலடிக்குது" என்றார் ஒருவர். "ஒன் நாக்குல கோளாறு" என்று சமையல்கட்டிலிருந்து பதில் வந்தது. சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. நேராகப் பாத்ரூமுக்குப் போனார். பெல்லை அழுத்தினார். படுத்தார்.

மூச்சு விடுவதற்குள் தடதடவென்று நர்ஸம்மா ஓடிவந்தார். பின்னாலேயே கரண்டியோடு சமையற்காரம்மா. கீழே கிடந்தவர் கண்ணைத் திறந்து சிரித்ததும் நர்ஸம்மாவுக்கு வந்ததே கோபம்!

"ஏங்க, வயசான மனுசன் பண்ற வேலையா இது? ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு எனக்கு! எந்திரிங்க மொதல்ல! நெசமாவே வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?"

சித்தப்பா எழுந்திருக்காமலே என்னைப் பார்த்தார். "திட்டுறாக பாருடா. பதறிப்போயித் திட்டுறாக. அக்காவ இங்கனயே சேத்துரு."

சேர்த்தேன். அத்தை இப்போது அங்கே ஃபேன் சண்டையில் ஒரு கட்சிக்குத் தலைவி. போனில் குரலே தெளிந்துவிட்டது. சித்தப்பா இரண்டு பஸ் மாறிப் போய் அடிக்கடி பார்த்துவிட்டு வருகிறார். காபியில் சூடில்லை என்று சொல்லி நர்ஸம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் உண்டு.

நன்றி சொல்லலாம் என்று அவருக்குப் போன் போட்டேன். "நன்றிய யாராச்சும் போன்ல சொல்லுவாகளா?" என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தினார். "அக்காவுக்கு அங்க ஒரு கொறையும் இல்லடா. இங்கிட்டுத்தான்... சருகு கெடந்தபடி கெடக்கு. விடிஞ்சா திட்ட ஆளில்ல."

அத்தையைப் பிரிய மனசில்லாத மனுஷர், அத்தைக்கு நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்று ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். மறுநாளிலிருந்து விடிந்ததும் சென்னையிலிருந்து நான் கூப்பிட்டு, "எங்க அத்த வாசல்ல ஒங்க சருகு கெடக்காமே, கூட்டத் தெரியாதா?" என்று சத்தம் போடுகிறேன். அவரும் விடாமல் பதில் கொடுக்கிறார்.

முந்தாநாள் ஆபீஸ் அவசரத்தில் மறந்துவிட்டேன். அவரே கூப்பிட்டார்.

"ஏண்டா, ஒடம்புக்கு என்ன? இன்னும் திட்டக் காணோம்?"