மாத்தளைக் கோச்சியின் பங்காளி

இந்த நாட்டில் ரயிலுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டே பேர். ஒன்று அரசாங்கம். மற்றவர் எங்கள் ஊர்ப் பங்காளி. இருவரில் பங்காளிக்குத்தான் பொறுப்பு அதிகம் என்று எந்த நீதிமன்றத்திலும் சாட்சி சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. மாத்தளையில் யாருக்கும் தெரியாது. வாசனைச் சரக்குக் கடையொன்றில் வேலை. வாரத்தில் மூன்று நாள் கராம்பு, ஏலக்காய், சாதிக்காய் எல்லாவற்றிலும் கொஞ்சம் பையில் கட்டிக்கொண்டு, கண்டிக் கடைக்காரர்களிடம் காட்டப் போவார். ஆள் ரயில் மேடைக்கு வருமுன் வாசம் வந்துவிடும். “பிரியாணி வருது, தள்ளி உக்காருங்கடி” என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடம் விடுவார்கள்.

அவருடைய பூட்டன் மூக்கன், தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வரை நடந்தே வந்தவராம். வந்த கையோடு ரயில் பாதை போடும் வேலை. மாத்தளையிலிருந்து உக்குவளை வரைக்குமான துண்டு மூக்கன் கூட்டத்தின் கைவேலை என்பது அவர்கள் வீட்டுச் செய்தி. ஆகவே அந்தத் துண்டுக்கு மட்டும் பங்காளி டிக்கட் வாங்க மாட்டார்.

“நடந்து வந்தவன் போட்ட கோச்சியில பேரன் உக்காந்து போறது தப்பா, சொல்லுங்க?” என்பார். ரயிலை எங்கள் பக்கத்தில் கோச்சி என்றுதான் சொல்வோம்.

இலவசமாகக் கண்டி வரை போகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அநியாயமெல்லாம் அவரிடம் கிடையாது. உக்குவளையில் வண்டி நின்றதும் குதித்து இறங்குவார். பையை மார்போடு அணைத்தபடி டிக்கட் ஜன்னலுக்கு ஓடுவார். “கண்டிக்கு ஒண்ணு!” வாங்கிக்கொண்டு திரும்பவும் ஓடிவந்து ஏறுவார். பங்காளியின் இரண்டு காலும் உள்ளே போன பிறகுதான் கார்ட் பச்சைக்கொடியை அசைப்பார்.

ஒருமுறை வெளியூர்ப் பரிசோதகர் ஒருவர் உக்குவளைக்கு முன்பே பிடித்துவிட்டார். பேச்சு சிங்களத்தில் நடந்தது. தமிழில் தருகிறேன்.

“டிக்கட் எங்க?”

“உக்குவளை இன்னும் வரலையே, தொரை.”

“ஏறினது மாத்தளையிலதானே?”

“எங்க வீட்டுக்குள்ள நான் எந்தக் கதவாலயும் வருவேன்.”

பரிசோதகர் தண்டம் எழுதினார். பங்காளி முகம் சுளிக்காமல் கட்டிவிட்டு, ரசீதை மூக்கன் பெயரில் எழுதச் சொன்னார்.

“யார் அந்த மூக்கன்? ஆள் எங்க?”

“இந்தப் பாதையிலதான் எங்கயோ இருக்காரு, தொரை.”

பரிசோதகர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மூக்கன் என்றே எழுதிக் கொடுத்தார்.

உரிமை கொண்டாடியவர் கடமையையும் விடவில்லை. வண்டி தாமதமானால் மேடையில் ஒவ்வொருவரிடமும் போய், “மன்னிச்சுக்கங்க, நம்ம பக்கத்துல ஒரு கொறையும் இல்ல, அங்கிட்டுத்தான் ஏதோ” என்பார். மழைக்குப் பாதையில் மண் சரிந்தால், பழுது பார்க்கும் ஆட்கள் வருமுன் மம்பட்டியோடு நிற்பார். உக்குவளைக்கு அப்பால் வண்டி குலுங்கினால், “பாத்தீங்களா? இது வேற ஆளுங்க போட்டது.” உக்குவளைக்கு இப்பால் குலுங்கினால், “மாடு கீடு மிதிச்சிருக்கும்.”

இனி என் கதைக்கு வருகிறேன். நான் சரித்திர ஆசிரியனாக இருந்து பள்ளிக்கூட உப அதிபராக ஓய்வு பெற்றவன். கார் வைத்திருந்தவன். கோச்சியில் ஏறி முப்பது வருடம் இருக்கும். பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருடம், கார்க்காரர்களெல்லாம் அசடு வழிய ஸ்டேசனுக்கு வந்தோம். பங்காளி வாசலில் நின்று, கலியாண வீட்டுக்காரர் போல வரவேற்றார்.

“வாங்க சேர், வாங்க! இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா? கூச்சப்படாம உக்காருங்க, நம்ம வண்டிதான்.”

என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஜன்னலோர இருக்கை பிடித்துத் தந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. பெட்டி முழுக்கப் பார்க்கிறதே என்றிருந்தது.

வண்டி கிளம்பியது. பங்காளி வழக்கம்போலப் பிரசங்கம் தொடங்கினார். “கோப்பி மூட்டையைக் கொழும்புக்கு அனுப்பத்தான் வெள்ளக்காரன் இந்தக் கோச்சியப் போட்டான். கோப்பியும் போச்சு, வெள்ளக்காரனும் போயிட்டான். நாங்க மட்டும் எறங்காம இருக்கோம்.”

எதிரில் இருந்த இரும்புக் கடை ஹாஜியார் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “சேர், நீங்க சரித்திரம் படிச்சுக் குடுத்தவரு. இந்த மனுசன் சொல்றது மெய்யா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மை. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வகுப்பறைக் குரலில் சொன்னேன்: “எந்தப் பதிவேட்டிலும் மூக்கன் என்று ஒருவர் இல்லை. அன்று போட்ட தண்டவாளமும் கட்டையும் எத்தனையோ தடவை மாற்றியாகிவிட்டது. இவருடைய பூட்டன் கை பட்ட ஆணி ஒன்றுகூட இன்று இந்தப் பாதையில் கிடையாது.” பதிவேடு எதையும் நான் பார்த்ததே இல்லை.

பெட்டியே சிரித்தது. பங்காளியும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. உக்குவளையில் அவர் ஓடவில்லை. மெதுவாக இறங்கிப் போனார். கார்ட் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்து நின்றார். அவர் திரும்பி வரவே இல்லை.

மறுநாள் செய்தி வந்தது. பங்காளி பஸ்ஸில் போகிறார்! மாத்தளையே ஆடிப்போயிற்று. மூன்று வாரம் அப்படியே போனது. கார்ட் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதைச் சொல்லத்தான் இத்தனை வரி எழுதினேன். என் பூட்டனும் அதே காட்டு வழியில் நடந்து வந்தவர்தான். கோப்பித் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர். நாங்கள் கப்பலில் வந்து கடை போட்டவர்கள் என்று என் அப்பா சொல்லிவைத்தார். நானும் பெண் கொடுக்கும்போது, எடுக்கும்போது அதையே சொன்னேன். பங்காளி தன் பூட்டனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றியது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

ஒரு காலை பஸ் நிலையத்துக்குப் போனேன். பங்காளி கண்டி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு நின்றார். உள்ளே ஏறினேன். பெட்டி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு அவமானப்படுத்தியவன், பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டுதானே மன்னிப்புக் கேட்க வேண்டும்? என் பூட்டன் கதையை உரக்கச் சொன்னேன். நடுவில் கொண்டக்டர், “இஸ்ஸரஹாட்ட யன்ன!” என்று முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். பாவமன்னிப்புக்கு அது நல்ல இடம் இல்லை.

பங்காளி முழுவதையும் கேட்டார். “அன்னிக்கு நீங்க சொன்னது சரிதான் சேர். தண்டவாளத்த மாத்திட்டாங்க, கட்டைய மாத்திட்டாங்க. ஆனா மூணு கெழமையா இந்தப் பஸ்ஸுல தொங்கிக்கிட்டே யோசிச்சேன். மலைய வெட்டின வெட்டை மாத்தினாங்களா?”



“இல்லை” என்றேன்.

“அப்ப எறங்குங்க, கோச்சிக்கு நேரமாச்சு.”

அன்றைக்கே எனக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தார். உக்குவளைக்குக் கிட்ட வரும் ஒரு வளைவு. “ஏன் வளைவைத் தந்தீர்கள்?” என்று கேட்டேன். “நேர்ப் பாதை பூராவும் எங்க ஆளு போட்டது, சேர்.”

பெட்ரோல் வரிசை முடிந்து நாளாயிற்று. கார் வீட்டில் நிற்கிறது. பங்காளிக்கு முழங்கால் போய்விட்டது, இறங்கி ஓட முடியாது. அதனால் உக்குவளையில் நான் இறங்குகிறேன். இரண்டு டிக்கட் வாங்கிக்கொண்டு, எழுபத்து நாலு வயதில், மூச்சிரைக்க ஓடிவருகிறேன். ஒழுக்கம் கற்பித்தவன் செய்கிற வேலையா என்று கேட்கலாம். இல்லைதான்.

கார்ட் கொடியை இறக்கிப் பிடித்தபடி நிற்பார். ஜன்னலிலிருந்து கராம்பு வாசத்தோடு அந்தக் குரல் வரும்: “மெதுவா வாங்க சேர், நம்ம வண்டிதானே.”