'நல்லாத்தான் இருக்கு' முற்றுகைப் படலம்

வாழ்க அவன்! கார்முகில் கண்டு ஊரார் கொடித்துணி எடுக்க ஓடுங்கால், தான் ஓடாது நின்று, விழும் துளிதோறும் ஒரு வாடிக்கையாளரைக் கண்ட நெடுநோக்கினன். குளிர்பெட்டி பழுதுபார்க்கும் பணிமனையில் பகலெல்லாம் குழாய் பற்றவைத்தபடியே உள்ளத்துள் ஒரு பேரரசையும் பற்றவைத்தவன். 'வாடகைக் குடை நிலையம்' என்னும் தொழில்திட்டத்தைத் தானே தட்டச்சிட்டு, தானே சுருள்கம்பி கோத்து, தானே மார்போடணைத்துத் திரிந்தவன். இல்லத்தார் 'பெரிய முதலாளி' என்று சூட்டிய பட்டத்தில் கேலி கலந்திருப்பதை இன்றளவும் அறியாத பெருந்தகை! சுருள்கம்பியே, பளபளக்கும் மேலட்டையே, அவன் போர்த்திறம் பாட எமக்கு மூச்சு தாருங்கள்.

அத்திட்டம் மறுநாள் வங்கிக் கடன் அதிகாரியின் திருமுன் செல்ல வேண்டும். அவரோ, ஓரிடத்தில் ஓட்டை கண்டால் அடுத்த பக்கம் புரட்டாதவர். ஒருமுறை மூடிய கோப்பை மறுமுறை திறந்த வரலாறு இல்லாதவர். ஆகவே, அவர் கண்ணில் படுமுன் அந்த ஓட்டை தன் கண்ணில் பட்டாக வேண்டுமென்று நம் குடைவேந்தன் கருத்து வேட்டைக்குக் கிளம்பியிருந்தான். பணிமனைத் தோழர்கள் அட்டையை மட்டும் பார்த்து 'சூப்பர்' என்றனர். நண்பர் குழாமோ கைபேசி வழியே கட்டைவிரல்களை மாரியெனப் பொழிந்து ஓய்ந்தது. மனைவி திட்டத்தை முழுதும் படித்துவிட்டு 'உங்க இஷ்டம்' என்றாள். அச்சொல்லின் ஆழம் தெரிந்த எந்தக் கணவனும் அதில் கால் வைக்கமாட்டான், இவனும் வைக்கவில்லை.

எஞ்சியவள் தையற்கடை நடத்தும் அக்கா ஒருத்தியே. அவளும் படித்துவிட்டாள். படித்துவிட்டு, 'நல்லாத்தான் இருக்கு' என்றாள்.

ஐயகோ, அந்தத் 'தான்'! 'நல்லா இருக்கு' என்றிருந்தால் வாழ்த்தென்று எடுத்துக்கொண்டு வீடு போய் உறங்கியிருப்பான். நடுவே அந்த ஈரெழுத்து நுழைந்துவிட்டால், அதன் முதுகுக்குப் பின்னே ஓர் 'ஆனா' பெரும்படையோடு பதுங்கியிருக்கிறது என்பது யாருக்குத்தான் தெரியாது? அந்த 'ஆனா'வை வெளியே இழுத்துப் போரிடாமல் வங்கி வாயிலை மிதியேன் என்று சூளுரைத்து, அன்று மாலையே தையற்கடையை முற்றுகையிட்டான் குடைவேந்தன்.

கோட்டையின் காவலோ கடுங்காவல். அளவு நாடா தோளில் மாலையாய்த் துவள, மிதி இயந்திரம் போர்முரசாய் அதிர, பள்ளிச் சீருடைகள் இருபுறமும் மலையாய்க் குவிந்திருக்க, நடுவே வீற்றிருந்தாள் அக்கா. அவள் இதழ்களுக்கிடையே குண்டூசிகள் வேலெனச் செறிந்திருந்தன. அவ்வேலி தாண்டி எச்சொல்லும் வெளிவர இயலாது. 'ம்' ஒன்றே வரும். அதுவும் மூக்கு வழியே வரும்.

முதற்கண் தேநீரை ஏவினான். குடிப்பதற்கேனும் ஊசிகளை எடுத்தாக வேண்டுமன்றோ? எடுத்தாள், குடித்தாள், மீண்டும் கவ்விக்கொண்டாள். அடுத்து, 'சந்தை வாய்ப்புகள்' என்னும் அதிகாரத்தை முழங்கு குரலில் ஓதினான். சீருடை வாங்கக் காத்திருந்த அம்மையார், அவசரமில்லை, நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று எழுந்து போனார். அக்கா மட்டும் ஒரு கால்சட்டைக்கு மடிப்பு வைத்து, அடுத்ததை எடுத்தாள். 'அஞ்சாதே தமக்கையே, உன் சொல் வாளாயினும் இம்மார்பு ஏற்கும்!' என்று அவன் பிரகடனம் செய்தபோது அவளது இடப்புருவம் சற்றே உயர்ந்து இறங்கிற்று. அத்தோடு அவன் படைக்கலம் அனைத்தும் தீர்ந்தன. துணிக்குவியலின் மேல் தொப்பென்று அமர்ந்தான்.

"பயமா இருக்குக்கா" என்றான் மெதுவாக. "அந்தாளு முன்னாடி அசிங்கப்பட்டுடுவேனோன்னு."

முரசு நின்றது. அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் காந்தத் தட்டில் வைத்தாள்.

"ஒத்தைச் செருப்புக் கடை போடறேன்னு வந்து நின்னப்ப, எனக்குத் தோணினதைச் சொன்னேன். அதுக்கப்புறம் எவ்வளவு நாள் என்கூடப் பேசாம இருந்தே? எனக்குக் கஷ்டமா இருக்காதா?"

குடைவேந்தன் தலைகுனிந்தான். மெய்யாகவே வெட்கப்பட்டான். பின்னர் எழுந்து, தையல் இயந்திரத்தின் சக்கரத்தின் மீது வலக்கை வைத்து, மண்ணும் விண்ணும் நூற்கண்டுகளும் சான்றாக, இனி எக்காலத்தும் கோபித்துக்கொள்ளேன் என்று உறுதிமொழி உரைத்தான். அக்கா சொன்னாள்.

"மழை பெய்யும்போதுதான் உன் குடை வேணும். நீ போடப்போற கடை தெருக்கோடியில இருக்கு. அங்க வந்து சேர்றதுக்குள்ள தொப்பலா நனைஞ்சிடுவாங்க. நனைஞ்சவனுக்கு எதுக்குடா குடை?"

சாய்ந்தது பேரரசு. மேலட்டை ஒளியிழந்தது. ஒருவர் நனைவாரே என்னும் எண்ணம் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் எழுந்ததில்லை. சினம் அவன் நாசி வரை ஏறியது. கை இன்னும் சக்கரத்தின் மீதே இருந்தமையால் அப்படியே இறங்கியது. கடன் அதிகாரியைக் கைபேசியில் அழைத்து, காய்ச்சல் என்று பொய்யுரைத்து, அடுத்த வாரத்துக்கு நாள் கேட்டுப் பெற்றான். அக்காவின் முகம் தெளிந்தது. அவ்வேளை பார்த்து வானமும் பொத்துக்கொண்டு ஊற்ற, குடைப் பேரரசனிடம் குடை இல்லாதது கண்டு, மறக்காமல் திருப்பிக் கொண்டுவந்து தந்துவிடு என்று தன் பூப்போட்ட குடையை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் மாலை, வென்று மீண்ட வீரனாய் அதே வாயிலில் தோன்றினான். கையில் புதிய திட்டம், புதிய சுருள்கம்பி. கடையே கிடையாது! பஸ் நிறுத்தந்தோறும் ஒரு குடைத்தாங்கி. நனையுமுன் எடுக்கலாம், இறங்குமிடத்தில் வைத்துவிடலாம். காவலில்லை, பூட்டில்லை, மாந்தர்தம் நாணயமே அரண். 'எடுத்த குடையை மீளத் தாராத மனிதன் இம்மண்ணில் பிறந்ததுண்டோ!' என்று அவன் முழங்கிய முழக்கத்தில் தொங்கிய சீருடைகள் அசைந்தன. அக்கா முழுவதும் படித்தாள். ஒரு குண்டூசியை எடுத்து வாயில் வைக்கப் போனவள், வைக்காமல் நிமிர்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நேத்து குடுத்த என் குடை எங்க?"

அதை அவன் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.