மாரிட் ஈட்டியை எடுத்த விஷயம்

அன்புள்ள லவோன் அக்காவுக்கு,

தம்பி ஆர்டன் எழுதுவது. நானும் மகள் மாரிட்டும் சுகம். வடக்கு டகோட்டாவில் ஏப்ரலிலும் பனி பெய்கிறது என்றால் அரிசோனா வெயிலில் இருக்கும் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். உன் இடுப்பு வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் கண்டதும் நீ மாரிட்டுக்கு ஃபோன் செய்து கண்டிப்பாக நாலு வார்த்தை பேச வேண்டும்.

இந்தப் பள்ளி ஆண்டில் அவள் செய்தது ஊரறிந்தது. இலையுதிர் காலத்தில் அவள் அடித்த அடியில் எங்கள் பள்ளி வாலிபால் அணி முதன்முறையாக மாநிலப் போட்டிக்குப் போனது. அதே சமயம் பையன்களின் ஃபுட்பால் அணியில் கம்பங்களுக்கு மேலே பந்தை உதைத்தனுப்ப ஆளில்லை என்று கூப்பிட்டார்கள், வாலிபால் முழங்கால் பட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் உதைத்துவிட்டு வந்தாள். குளிர்காலத்தில் கூடைப்பந்தில் பெண்களின் பழைய சாதனைகளையெல்லாம் உடைத்தாள், அதில் ஒன்று உன்னுடையது, கோபித்துக்கொள்ளாதே. வினை அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு பல்கலைக்கழகம் அவளை வாலிபாலுக்குக் கேட்டது, இன்னொன்று கூடைப்பந்துக்கு. வாலிபால் பயிற்சியாளர் ரோண்டாவும் கூடைப்பந்துப் பயிற்சியாளர் லைலும் புருஷன் பெண்டாட்டி என்பது உனக்குத் தெரியும். அன்றோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது. லைல் என் சமையலறையில் உட்கார்ந்து இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு நான் சுட்டுவைத்த ஹாட்டிஷில் பாதியைத் தின்றபடி, ரோண்டா பெண்ணின் தோள்பட்டையைக் கெடுத்துவிடுவாள் என்றார். மீதிப் பாதியை மறுநாள் ரோண்டா தின்றபடி, லைல் முழங்காலைக் கெடுத்துவிடுவார் என்றாள். தேவாலயத்தில் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தார்கள். பாதிரியார் குடும்ப சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சபை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

நான் கூடைப்பந்து என்று தீர்மானித்து, காபிக் கடையில் எல்லோரிடமும் சொல்லியும்விட்டேன். போன ஞாயிறு ரோண்டா, லைல் இருவரையும் சாப்பாட்டுக்கு அழைத்து, மாரிட்டே வாயால் சொல்லட்டும் என்றேன். அவள் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"நான் ரெண்டுக்கும் போகல. மினசோட்டால ஒரு சின்ன காலேஜ்ல ஈட்டி எறியச் சேர்றேன். பேசி முடிச்சாச்சு."

"ஈட்டியா? போன மாசம்தானேம்மா அதைக் கையில எடுத்த?"

"ஆமாப்பா. மத்ததெல்லாம் சும்மாவே வருது. இது வரமாட்டேங்குது. அதான்."

 ரோண்டா லைலைப் பார்த்து, "எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். பல வாரங்களில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு. ஒரே காரில் போனார்கள். இப்போது அவர்கள் ஒற்றுமையாக இருக்கிறார்கள். என்னோடு மட்டும்தான் பேசுவதில்லை.

ஆகவே அக்கா, நீ சொன்னால் கேட்பாள். கூடைப்பந்து என்று சொல். மெர்ல் அத்தானுக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் இருவரையும் அந்த வெயிலிலிருந்து காக்கட்டும்.

உன் தம்பி,
ஆர்டன்

பி.கு.: இதை எழுதி முடித்து, மாரிட்டைச் சாப்பிடக் கூப்பிட பீட்ரூட் வயலுக்குப் போனேன். எறிந்துகொண்டிருந்தாள். ஒன்று கோணலாகப் போனது, ஒன்று தவளை மாதிரி வயிறடித்து விழுந்தது. அடுத்தது போனது, போய்க்கொண்டே இருந்தது. மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றபோதுகூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. நீ ஃபோன் செய்ய வேண்டாம். இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன். ஈட்டி விழும் இடத்தை அடையாளம் காட்ட எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டுமாம், போகிறேன். எனக்காக ஜெபம் செய்.