நாற்பது நிமிடத் தாமதம்

மனம் பயந்துபோனவர்களைக் கட்டிலில் படுக்கவைக்காமலே குணப்படுத்த ஒரு திட்டம் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். மதியம் வீட்டுக்குப் போய்விடலாம். ‘தீவிர வெளிநோயாளர் சிகிச்சை’ என்று பெயர். தீவிரம் என்றது படிவங்களைத்தான் என்பது சேர்ந்த அன்றே புரிந்துவிட்டது.

என் பயம், குழந்தையைக் குளிப்பாட்டுவது. மூன்று மாதம்தான் ஆகிறது. தண்ணீரைத் தொட்டதும் என் கை மரத்துப்போகும். அவள் வழுக்கிவிடுவாள் என்று தோன்றும். கணவர்தான் குளிப்பாட்டினார். அவர் விடுமுறை முடிய மூன்று வாரம் இருந்தது.

சிகிச்சை ஒன்பது மணிக்கு. சாவி வைத்திருக்கும் ஆலோசகர் வருவது ஒன்பது நாற்பதுக்கு. அதுவரை பூட்டிய கதவுக்கு வெளியே, ஒரு பெஞ்சில் என்னோடு சேர்த்து மூன்று பேர்.

“புதுசாம்மா? உனக்கு என்ன பயம்?” என்றார் பஸ் டிரைவர், எந்த ஸ்டாப் என்று கேட்பதுபோல.

சொன்னேன்.

“எனக்குப் பாலம். இருபது வருஷ சர்வீஸு, இப்போ பாலத்தைப் பார்த்தா காலு தானா பிரேக்கைத் தேடுது. உள்ள அறுபது பேரு. நல்லவேளை, அவங்களுக்குத் தெரியாது.”

தையல்கார அக்கா சிரித்தாள். வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்க ஒரு நாளில் முப்பது தடவை திரும்பிப் போனவள். “எனக்கு இந்த இடம்தான்டி நிம்மதி. கதவு பூட்டியிருக்குன்னு கண்ணாலயே தெரியுது.”

பிறகு ஆலோசகர் மூச்சிரைக்க மாடியேறி வந்து, நிதானமாக மூச்சுவிடுவது எப்படி என்று எங்களுக்குக் கற்பிப்பார்.

இரண்டாம் வாரம், பெஞ்சில்தான் எனக்கு வைத்தியம் நடந்தது.

“இடது கையில பருத்தித் துணியைச் சுத்திக்கோ. வழுக்குற துணியை நான் அப்படித்தான் பிடிப்பேன்,” என்றாள் அக்கா.

“வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யி,” என்றார் டிரைவர். “பாலத்துல நான் அப்படித்தான். இதோ கால்வாசி, இதோ பாதி…”

அன்று மகளின் பாதங்களைக் கழுவினேன். மறுநாள் முழங்கால்வரை.

அந்த நேரம் பார்த்து ஒரு படிவம் வந்தது. ‘தங்களுக்கு மிகவும் பயன்பட்ட அம்சம் யாது?’ கோடிட்ட இடத்தை உண்மையால் நிரப்ப வேண்டும் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நிரப்பினேன்: ‘ஆலோசகர் நாற்பது நிமிடம் தாமதமாக வருவது.’

இரண்டே நாளில் சுற்றறிக்கை. ‘நோயாளர் நலன் கருதி, ஆலோசகர் நாள்தோறும் தவறாது நாற்பது நிமிடம் தாமதிக்க வேண்டும். தாமதத்தை உரிய பதிவேட்டில் உரிய நேரத்தில் பதிய வேண்டும்.’

தவறிவிடக் கூடாதே என்று ஆலோசகர் எட்டே முக்காலுக்கே வந்து தூணோரம் நின்றார்.

“சார், உள்ள போலாமா?”

“நான் இன்னும் வரலம்மா.”

பெஞ்சுக்கு மேலே ‘பகிர்வுப் பகுதி’ என்று பலகை. பெஞ்சின் நடுவில் கையில் கடிகாரத்தோடு ஒரு கண்காணிப்பாளர்.

“இயல்பாப் பேசுங்க. ஆளுக்குப் பதிமூணு நிமிஷம்.”

“மிச்சம் ஒரு நிமிஷம் இருக்கே?” என்றார் டிரைவர்.

“அது சிரிப்புக்கு.”

மூவரும் அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று என் கை பழையபடி மரத்துப்போனது. பாதத்தைக்கூட நனைக்க முடியவில்லை. விடுமுறையில் மிச்சம் மூன்று நாள்.

“எல்லாம் உன்னாலதான்டி,” என்றாள் அக்கா. “காகிதம் கேட்டா யாராவது உண்மையைச் சொல்லுவாங்களா? இதுக்கா உன்னைப் படிக்கவெச்சாங்க?”

மறுநாள் எட்டு மணிக்கே எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில் கூடினோம். யாருக்கும் தெரியாது என்று நினைத்தோம். அங்கே ஏற்கெனவே ஒருவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஆலோசகர்.

“நானும் இருக்கலாமா? ஒரு நிமிஷம் முன்னப்பின்ன ஆனாலும் மெமோ. நெஞ்சு படபடங்குது.”

டிரைவர் நகர்ந்து இடம் கொடுத்தார். “உக்காருங்க சார். எப்போலேர்ந்து இந்தப் பயம்?”

மூன்றாம் நாள் மகளைத் தலையோடு குளிப்பாட்டினேன். “இதோ கால்வாசி, இதோ பாதி, இதோ முக்கால்…” கணவர் கதவோரம் மூச்சுவிடாமல் நின்றார். மகள் என் மூக்கில் தண்ணீர் அடித்தாள்.

விடைபெறும் நாளில் மறுபடியும் அதே படிவம், அதே கேள்வி. பஸ் நிறுத்தத்துக்குப் பலகை வந்துவிடுமே என்று பயந்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கோடிட்ட இடத்தில் பொய் எழுதினேன்: ‘தங்கள் புதிய ஏற்பாடு.’ ஆலோசகர் படித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் முத்திரை குத்தினார்.

மேலிடம் மகிழ்ந்துபோனதாம். இப்போது இருபது ஊர்களில் ஆலோசகர்கள் பூட்டிய கதவுக்கு வெளியே, தாமதத்துக்கு நேரமாகிவிடுமோ என்று நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஆதாரமாக இணைத்திருக்கும் படிவத்தில் கையெழுத்து என்னுடையது.